பாக்கிக்கு வந்த காசு

அந்தப் பதினோரு மாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அவளை லிஃப்டக்கா என்றுதான் தெரியும். லிஃப்டின் மூலையில் ஒரு முக்காலி, முக்காலியின் மேல் மடித்துப் போட்ட ஒரு போர்வை, போர்வையின் மேல் லிஃப்டக்கா. பழைய காலத்து லிஃப்ட் அது. இரும்புக் கதவை ஆள்தான் இழுத்துச் சாத்த வேண்டும். அழுத்திச் சாத்தாவிட்டால் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் முரண்டு பிடித்து நின்றுவிடும். அதன் குணம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஐந்தாவது மாடியில் ஆடிட்டர் அலுவலகம், ஏழாவதில் ஒரு வக்கீலம்மா, ஒன்பதாவதில் எலும்பு டாக்டர் என்று யார் யார் எங்கே போவார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். ஏறுகிறவர் வாயைத் திறக்கும் முன்பே அவள் விரல் பொத்தானுக்குப் போய்விடும். கதவு சாத்தியதும் ஜனங்கள் ஊர் வம்பு, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவார்கள். அவள் காதில் போட்டால் கிணற்றில் போட்ட மாதிரி என்று அவர்களுக்கு நம்பிக்கை. அவளுக்கும் ஒரு பெருமை உண்டு: இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் யாரிடமும் ஒரு உதவி என்று வாய்விட்டுக் கேட்டதில்லை.

ஒரே வேடிக்கை, நாள் முழுக்க லிஃப்டில் போய் வருகிறவள் சாயங்காலம் வீட்டுக்குப் போக மூன்று மாடி ஏற வேண்டும். அவள் குடியிருந்த வீட்டில் லிஃப்ட் கிடையாது. கல்யாணம், குழந்தை என்று எதுவும் அமையாத வாழ்க்கை. மளிகைப் பையையும் தண்ணீர்க் கேனையும் தூக்கிக்கொண்டு தானேதான் ஏற வேண்டும். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் முழங்கால் ஒவ்வொரு படியிலும் கணக்குக் கேட்க ஆரம்பித்தது. அவள் குடியிருந்த அதே கட்டடத்தில் கீழ்வீடு ஒன்று காலியாகப் போகிறது என்று வீட்டுக்காரர் சொல்லி வைத்திருந்தார். அட்வான்ஸ் கொஞ்சம் கூடுதல். அதற்காக அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தாள்.

பணம் முக்கால்வாசி சேர்ந்திருந்த சமயத்தில்தான் தங்கச்சி வந்து நின்றாள்.

தங்கச்சியின் புருஷன் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். சாரம் சரிந்து கீழே விழுந்து தோள்பட்டை உடைந்துபோயிருந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் கை பழையபடி தூக்க வரும், தள்ளிப் போட்டால் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, உன்னால முடிஞ்சது எதுவா இருந்தாலும் சரி," என்றாள் தங்கச்சி. உட்காரக்கூட இல்லை.

"என்கிட்ட எங்கடி இருக்கு? மாசக் கடைசியானா நானே தடவிட்டுதான் இருக்கேன்," என்றாள் லிஃப்டக்கா.

சொன்ன மறுநிமிஷமே நெஞ்சில் ஏதோ நெருடியது. ஆனால் வாயிலிருந்து விழுந்த சொல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள முடியுமா? தங்கச்சி தலையாட்டிவிட்டுப் படியிறங்கினாள். அவள் கீழே போகிற வரைக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. கூப்பிடலாம், இன்னும் கூப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டே லிஃப்டக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை.

சில மாதங்களில் அவள் கீழ்வீட்டுக்கு மாறினாள். யார் மூலமாகவோ சேதி தங்கச்சி காதுக்குப் போயிற்று. போன் வந்தது. "வீடு மாறிட்டியாமே. நல்லா இரு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. மாப்பிள்ளைக்குக் காலம் கடந்துதான் ஏதோ வைத்தியம் நடந்தது என்றும், கை தோளுக்கு மேல் எழும்பவில்லை என்றும், ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிற வேலைக்குப் போகிறான் என்றும் அங்கே இங்கே கேள்விப்பட்டாள்.

கீழ்வீட்டோடு ஒரு நாயும் வந்தது. முன்னால் குடியிருந்தவர்கள் சாமான்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு நாயை மட்டும் வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கினது, பெட்டை நாய். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "ரெண்டு மாச வாடகை பாக்கின்னு கேட்டேன், இதை விட்டுட்டுப் போயிருக்காங்க," என்றார். அன்றிலிருந்து அதன் பேர் பாக்கி.

துரத்தத்தான் பார்த்தாள். துடைப்பத்தைக் காட்டினால் வாலை ஆட்டியது. கதவைச் சாத்தினால் கதவில் முதுகைச் சாய்த்துத் தூங்கியது. சாப்பிட்டது போக மிஞ்சியதை வைத்தாள். பிறகு மிஞ்ச வேண்டுமென்றே கூடுதலாகச் சமைத்தாள். சாயங்காலம் அவள் தெருமுனையில் திரும்பும்போதே பாக்கி எழுந்து நின்றுவிடும். ஒரு ஜீவன் நமக்காகக் காத்திருக்கிறது என்பது அவளுக்குப் புது அனுபவம். ஆனால் அதன் தலையைத் தடவும்போதெல்லாம், இந்த வீடு வந்த வழியும் நினைவுக்கு வந்துவிடும். ஆசையாகத் தடவுகிற கை பாதியில் நின்றுவிடும். பாக்கி மூக்கால் முட்டி, மீதியையும் தடவு என்று கேட்கும்.

இரண்டாவது வருஷத்து வெயிலில் பாக்கி தண்ணீர் நிறையக் குடிக்க ஆரம்பித்தது. வெயிலுக்குத்தானே என்று லிஃப்டக்கா சட்டியை நிரப்பி நிரப்பி வைத்தாள். பிறகு சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ஒருநாள் காலையில் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ வைத்திருந்தார். கோணிப்பையில் கிடத்தி இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான், ஆனால் கை நிதானம். வயிற்றை அழுத்திப் பார்த்தாள், ஸ்கேன் எடுத்தாள்.

"கர்ப்பப்பை முழுக்கச் சீழ்ம்மா. நாளைக்குள்ள ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும். இல்லன்னா உடம்பு பூரா விஷமாயிடும். தண்ணி நிறைய குடிச்சிருக்குமே?"

"குடிச்சுதும்மா. வெயிலுக்குன்னு நினைச்சேன்."

"நிறைய பேர் அப்படித்தான் நினைப்பாங்க," என்றாள் டாக்டரம்மா, குற்றம் சொல்லாத குரலில். குற்றம் சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது லிஃப்டக்காவுக்கு.

செலவு எவ்வளவு என்று கேட்டாள். அவளுடைய நாலு மாதச் சம்பளம். வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். மேஜை மேல் கிடந்த பாக்கி கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தது. இன்னொரு முறை 'என்கிட்ட எங்க இருக்கு' என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"டாக்டரம்மா, முழுசா என்னால கட்ட முடியாது. ஒரு மாசச் சம்பளம் அளவுக்குப் பெரட்டிடுவேன். வேற என்ன வழி இருக்குன்னு சொல்லுங்க," என்றாள். தன் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிராணி நலச் சங்கம் ஒன்று இருக்கிறது, வசதி இல்லாதவர்களுக்குப் பாதிச் செலவை நேராக ஆஸ்பத்திரிக்கே கட்டிவிடுவார்கள், தானே போன் பண்ணிச் சொல்வதாகச் சொன்னாள். "மீதிக்கு, தெரிஞ்சவங்ககிட்ட வெக்கப்படாம கேளுங்க. கேட்டா கொடுப்பாங்க. கேக்காமத்தான் நிறைய உசுரு போகுது."

பாக்கியை அங்கேயே விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போனாள். அன்றைக்கு லிஃப்டில் ஏறியவர்களுக்கெல்லாம் அவள் முகம் சரியில்லை என்று தெரிந்தது. எட்டாவது மாடிக்குப் போக வேண்டியவரை ஆறாவதில் இறக்கிவிட்டாள். ஆடிட்டர் ஏறினபோது கேட்டேவிட்டார்.

"என்னாச்சு லிஃப்டக்கா? ஒரு மாதிரியா இருக்கீங்க?"

சொன்னாள். ஐந்து மாடி ஏறுவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. அவர் இறங்காமல் பதினொன்று வரை கூடவே போய் முழுசாகக் கேட்டார். நல்ல மனுஷர். உடனே போனை எடுத்து, இந்தக் கட்டடத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன் என்று தட்ட ஆரம்பித்தார். அவளை ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்துவிட்டு, தட்டியதை வாசித்தும் காட்டினார்.

"நம் லிஃப்டக்காவை அனைவரும் அறிவோம். உற்றார் உறவினர் என்று இவ்வுலகில் யாருமே இல்லாத அந்த எளிய பெண்மணிக்கு ஒரே துணை ஒரு வாயில்லா ஜீவன்..."

லிஃப்டக்காவுக்குச் சுருக்கென்றது. 'சார், எனக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா' என்று சொல்ல வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் லிஃப்ட் இறங்கி ஐந்தாவது மாடி வந்துவிட்டது. அவர், "மனசைத் தொடற மாதிரி எழுதினாத்தான் கை பையில போகும்," என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு இறங்கிப் போனார். அவள் கதவை இழுத்துச் சாத்தினாள்.

பணம் கொட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். கட்டடத்துக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்ப, அவர்கள் இன்னொருத்தருக்கு அனுப்ப, முன்பின் பார்க்காதவர்களெல்லாம் ஆடிட்டர் கணக்குக்குப் பணம் போட்டார்கள். மறுநாள் பாக்கிக்கு ஆபரேஷன் நடந்தது. பிழைத்துக்கொண்டது. வயிற்றில் தையலும் கழுத்தில் கூம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையமுமாக அது தள்ளாடி நடந்து வந்ததைப் பார்த்து லிஃப்டக்கா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுதாள்.

லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள். ஏழாவது மாடி வக்கீலம்மா அவள் தோளைத் தட்டி, "யாரும் இல்லைன்னு நினைக்காதீங்க, நாங்க இருக்கோம்," என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி அவள் சிரித்து வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் போன் அடித்தது. தங்கச்சி.

"நான் எப்ப செத்தேன்?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"என்னடி சொல்ற?"

"உலகத்துல யாருமே இல்லாதவளாமே நீ. நான் வேலை பாக்கற கடையில முதலாளியம்மா படிச்சுக் காமிக்கறாங்க, பாவம் பாருன்னு. போட்டோ பாத்தா எங்கக்கா. கருமாதி எப்பன்னு சொல்லிட்டாவது போட்டிருக்கலாம்ல?"

"நான் எழுதலடி. அவரா எழுதினாரு..."

"நீ அது தப்புன்னு சொன்னியா?"

தங்கச்சி பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

அப்படியே உட்கார்ந்திருக்க முடியவில்லை. பாக்கியைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஆபரேஷன் செலவு போக மிச்சம் என்று ஆடிட்டர் கொடுத்திருந்த பணம் உறையோடு கைப்பையில் இருந்தது.

தங்கச்சி வீட்டில் முன்னறை ஒன்று, அதற்குப் பின்னால் அடுப்படி. மாப்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். நல்ல கையால் ஒரு பக்கம் மாட்டிவிட்டு, மற்றக் கைக்காக உடம்பையே சாய்த்துத் திருகினான். அந்தக் கை மார்பு உயரத்தில் நின்றுபோயிற்று. தங்கச்சி போய்ச் சட்டையைத் தூக்கிப் பிடித்து நுழைத்துவிட்டாள். தினமும் செய்கிற வேலை போல, பேச்சில்லாமல்.

"வாங்கண்ணி. நாய் எப்படி இருக்கு?" என்றான் அவன். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் தாங்கவில்லை.

"பரவால்ல தம்பி," என்றாள். பிறகு புத்தி கெட்டுப்போய் அந்த உறையை எடுத்து நீட்டினாள். "இது மீந்துச்சு. உங்க வைத்தியத்துக்கு..."

தங்கச்சி அந்த உறையைத் தொடவில்லை. பார்க்கவும் இல்லை.

"நாய் தின்ன மிச்சமா அக்கா?"

மாப்பிள்ளை, "விடு, விடு," என்றான். அவள் விடவில்லை.

"காசு இல்லன்னு பொய் சொன்னியே, அது போகட்டும். உன் காசு, உன் முட்டி, உன் வீடு. நானும் அந்த மாடிப்படி ஏறி வந்தவதான். உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனா இந்த நாய்க்காக நாலு பேர்கிட்ட வாயத் தொறந்து கேட்டியே. அன்னைக்கு எங்களுக்காக ஒருத்தர்கிட்ட, ஒரே ஒருத்தர்கிட்ட, கேக்கணும்னு தோணலையே உனக்கு. எங்க போச்சு அந்த வாய்?"

லிஃப்டக்காவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. கட்டுப் போட்ட கைகளையும் ஒடிந்த தோள்களையும் தினம் தினம் ஒன்பதாவது மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனவள் அவள். எலும்பு டாக்டர் காலையும் சாயங்காலமும் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நிற்பார். ஒன்பது மாடி நேரம் போதும், ஒரு கேள்வி கேட்க. இத்தனை வருஷமாக அவள் பெருமை என்று நினைத்திருந்தது என்ன லட்சணம் என்று இப்போது தெரிந்தது. இதைத் தங்கச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் நெஞ்சில் இன்னொரு ஆணி இறங்கும். உறையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் ஆடிட்டர் ஏறினதும், "சார், இன்னொரு தடவை எழுதணும்," என்றாள். "எனக்குத் தங்கச்சி இருக்கா, மாப்பிள்ளை இருக்காரு. யாரும் இல்லன்னு போட்டது தப்பு, நான் அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லலன்னு போடுங்க. மீந்த பணத்தை அந்த மிருக ஆஸ்பத்திரியில வசதியில்லாதவங்களுக்குக் கொடுத்துடலாம்னு இருக்கேன், வேணாங்கறவங்க திருப்பி வாங்கிக்கலாம்னும் போடுங்க."

"எதுக்கு லிஃப்டக்கா? நாய் பொழைச்சிடுச்சு, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. யாரு வந்து கேக்கப் போறா?"

"என் தங்கச்சி கேட்டுட்டா சார்."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. தன் எழுத்துத் திறமையில் ஓட்டை விழுந்த வருத்தம். ஆனாலும் எழுதினார். பெரும்பாலோர் அதைப் படிக்கவே இல்லை. வக்கீலம்மா படித்தாள். தான் தந்ததைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள், சில நாள் லிஃப்டில் ஏறாமல் படியிலேயே போனாள். ஏழு மாடி. மேலே கேட்கிற அவளுடைய மூச்சு வாங்கலை லிஃப்டக்கா கதவுக் கம்பி வழியாகக் கேட்டுக்கொண்டே போவாள். மீந்தது ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

எலும்பு டாக்டரிடம் கேட்கத்தான் நாளாயிற்று. அவர் ஏறுவார், இறங்குவார். கடைசியில் ஒரு சாயங்காலம் அவர் மட்டும் தனியாக ஏறினபோது, லிஃப்டை நகர்த்தாமலே கேட்டாள். நாய்க்குக் கேட்ட அதே வார்த்தைகள். முழுசா கட்ட முடியாது, என்ன வழி இருக்குன்னு சொல்லுங்க.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். எப்போது விழுந்தார், எப்போது வைத்தியம் ஆயிற்று என்று விசாரித்தார். பிறகு, "அப்பவே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமேம்மா. தினம் பாக்கறோமே," என்றார் மெதுவாக.

"ஆமா டாக்டர்," என்றாள்.

இனி ஆபரேஷனால் பெரிய பிரயோஜனம் இல்லை, பயிற்சி வைத்தியம் விடாமல் செய்தால் ஓரளவு தேறும் என்று அவர் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அங்கே ஏழைகளுக்கு உதவுவதற்கென்றே ஒரு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், கேட்டுப் போகிறவர்கள்தான் குறைவு என்றார். லிஃப்டக்கா கேட்டுப் போனாள். சளைக்காமல் போனாள். ஜன்னல் ஜன்னலாக நின்றாள். மாப்பிள்ளைக்கு வாரம் இரண்டு முறை பிசியோதெரபி என்று ஏற்பாடாயிற்று. அவனைக் கூட்டிக்கொண்டு போகும் பஸ் செலவை அவளே பார்த்துக்கொண்டாள். தங்கச்சி அதற்கு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவன் கை காது வரைக்கும் எழும்பியது. அதற்கு மேல் போகாது என்று சொல்லிவிட்டார்கள். "காது வரைக்கும் போதும் அண்ணி," என்றான் மாப்பிள்ளை. "ஆளுயரத்துக்கு நான் பெயிண்ட் அடிச்சுக்கறேன். அதுக்கு மேல அடிக்க வேற ஆளை வச்சுக்கட்டும்." அவன் சிரித்தான். லிஃப்டக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. சீக்கிரமே ஆகியிருந்தால் அந்தக் கை இன்னும் ஒரு முழம் மேலே போயிருக்கும் என்பது அவளுக்கு அளந்து வைத்த மாதிரி தெரியும். அந்த ஒரு முழம் அவளுடையது. அதை யாரும் மன்னித்துக் குறைக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்கு லிஃப்டக்கா வீடு பக்கம். அதனால் வைத்தியம் நடக்கிற நாளில் தங்கச்சி அங்கே வந்து காத்திருக்க வேண்டியதாயிற்று. முதல் நாள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தாள். பாக்கி எழுந்து போய் அவள் பாதத்தை முகர்ந்தது. அவள் காலை இழுத்துக்கொண்டாள். அது விடாமல் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

அக்காவிடம் நேராகப் பேசுவதில்லை என்று தங்கச்சிக்கு ஒரு வைராக்கியம். அதனால் இப்போதெல்லாம் அவள் நாயிடம்தான் பேசுகிறாள்.

"ஏ பாக்கி, உங்கம்மாகிட்ட சொல்லு, டீயில சக்கரை பத்தலைன்னு."

லிஃப்டக்கா எழுந்து சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏ பாக்கி, அந்த முட்டிக்கு எண்ணெய் போடறாளா இல்லையான்னு கேளு."

"போடறேன்னு சொல்லு பாக்கி," என்றாள் லிஃப்டக்கா.

"பொய் சொல்றான்னு சொல்லு," என்றாள் தங்கச்சி. அவள் பார்வை தரையில்தான் இருந்தது. கை மட்டும் நாயின் மடங்கின காதை நிமிர்த்தி நிமிர்த்தி விட்டுக்கொண்டிருந்தது.